நானூற்றுப் பதினேழு

போடோ துறைமுகத்தில் விடியல் பத்து மணிக்கு மேல்தான்,
அதுவும் மனமிருந்தால்.
ராக்ன்ஹில்டின் இடது கால் அதற்கு முன்பே எழுந்து
கட்டில் விளிம்பில் காத்திருக்கும்
காலுறைக்காக.

பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை மாட்டி
மண்டியிட்டு இழுப்பான் ஐவிண்ட்.
குதிகாலில் சிக்கும். ஒரு கெட்ட வார்த்தை.
முழங்காலடியில் சுருளும். இன்னொன்று.
பிறகு காப்பி.

ஈராண்டுக்கு முன் தொடைச்சிரையில் உறைந்தது
மாத்திரைகளில் கரைந்து போனது.
ஸ்கேன் எடுத்தவர் திரையைத் திருப்பிக் காட்டினார்:
பாருங்கள், ஓடுகிறது.
ஓடத்தான் செய்தது.
ஆனாலும் இரண்டாவது நடையில்
படகு தீவுகளைத் தொடும்போது
கால் ஈரமணல் மூட்டையாகிவிடும்.
கணுக்காலுக்கு மேலே தோல்
தேநீர் சிந்திய மேசைவிரிப்பு.
விரலால் அழுத்தினால் குழி விழும்.
அது நிரம்புவதற்குள்
நாலு கார்களுக்குச் சீட்டுக் கிழித்துவிடலாம்.

அடைப்புப் போன பின்னும்
உள்ளே யார் அடுப்பெரிக்கிறார்கள் என்று கேட்டாள்.
அதைத்தான் தேடுகிறோம் என்றது
த்ரோம்சோவிலிருந்து வந்த கடிதம்.
உறைக்குள் ஓர் ஒப்புதல் படிவம்,
ஓர் எண்.

இப்போது அவளில் கொஞ்சம்
வைக்கோல் நிறத்தில், சுண்டுவிரல் நுனியளவு குப்பிகளில்,
மைனஸ் எண்பது டிகிரியில் உறைகிறது.
வெளியே கப்பல் கயிற்றை விறைக்கவைக்கும் குளிர்
அதற்கு முன்னால் கோடை விடுமுறை.

அழற்சி என்ற சொல்லுக்குள் அழல் இருக்கிறது.
அவள் மொழியிலும் அந்தச் சொல்லுக்குள்
ஒரு தீக்குச்சி உண்டு.
என்ன வேடிக்கை,
நெருப்பை எண்ணிப் பார்க்க
பனிக்கட்டியில் பொதிந்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

யோருன் குப்பியை உருகவிட்டு
துளியாய் உறிஞ்சுகிறாள்.
சி-ரியாக்டிவ் புரதம். இன்டர்லூகின் ஆறு. டி-டைமர்.
நானூற்றுப் பதினேழின் வரிசையில்
நடு எண் கொஞ்சம் தலைதூக்கி நிற்கிறது.
ஒற்றை எண் ஒன்றும் சொல்லாது, அவளுக்குத் தெரியும்.
முந்நூறு பேருடையதைச் சேர்த்து வைத்தால்
ஒருவேளை முணுமுணுக்கும்.

தொலைபேசியில் ராக்ன்ஹில்ட்:
என்னுடையது மட்டும்.
முடியாதே. படிவத்தின் மூன்றாம் பக்கம்.
கூடவா குறைவா என்றாவது?

யோருனுக்குப் பின்னால் மையவிலக்கி
சுழற்சி தணிந்து தணிந்து
எஞ்சின் அணைத்த படகு கரை தேடுவதுபோல் ஓய்கிறது.
சாயங்காலம் வீங்குமா, என்று கேட்கிறாள் யோருன்.
வீங்கும்.
எரியுமா?
எரியும்.
எழுதிக்கொள்கிறேன் என்கிறாள்.
அட்டவணையில் அதற்கு இடமில்லை.
விளிம்பில் பென்சிலால் எழுதுகிறாள்.

கடைசி நடை. வாகனத் தளம் காலி.
உயிர்காப்புச் சட்டைகள் அடுக்கிய பெட்டியின்மேல்
காலைத் தூக்கி வைக்கிறாள்.
காலுறையை உருட்டி இறக்கினால்
தோல்மேல் அதன் பின்னல் அச்சு,
வரி வரியாக,
யாரோ நெருக்கி எழுதியதுபோல.
கைவைத்துப் பார்க்கிறாள்.

வலது கால் குளிர்ந்திருக்கிறது.