நழுவலுக்குப் பதினைந்து

த்ரெபோனுக்குத் தெற்கே ஒரு கெண்டைக் குளம்.
அடுத்த வாரம் மதகைத் திறந்து
மீனை அள்ளிவிடுவார்கள்.
இந்த ஆண்டுக்கு இதுதான் கடைசி ஞாயிறு.

டிராம் பட்டறையில் வேலை பார்க்கும் லிபுஷே
ரொட்டி சுற்றிவந்த காகிதத்தில் எழுதுகிறாள்:
வோல்ட்டுக்கு இரண்டாயிரம் சுற்று.
பேட்டரி பதினாலே முக்கால், சொச்சம்.
பெருக்கு.
தண்ணீரின் சுமைக்கு ஐந்தில் ஒரு பங்கு விட்டுக்கொடு.
புரொப்பெல்லர் நாற்பது மில்லிமீட்டர்,
ஒரு சுற்றுக்கு ஐம்பத்தாறு முன்னேறும்,
தண்ணீர் மரமாக இருந்தால்.
மரமில்லை.
நழுவலுக்குப் பதினைந்து சதவீதம் கழி.
வெண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் விடை:
மணிக்கு அறுபத்தேழரை.

ஏன் பதினைந்து என்று கேட்டேன்.
பதினான்கு பேராசை என்றாள்,
பதினாறு போட்டால்
நான் ராவிய இதழ்களுக்கு அவமானம்.

நான் இரண்டாவது மிதவைக்கு நேரே நிற்பவன்.
மிதவைக்கு மிதவை முப்பது மீட்டர்.
கயிறு நனைந்தால் எவ்வளவு என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.
டோபியாஷ் கொடி தாழ்த்தும்போது ஓர் அமுக்கு,
படகின் மூக்கு என்னைத் தாண்டும்போது இன்னொன்று.
ஒன்று புள்ளி எட்டு நொடி.
அறுபது.
ஆனால் என் கட்டைவிரல்
நொடியில் பத்தில் ஒரு பங்கு பிசகும்,
எந்தப் பக்கம் என்பது அதற்கே தெரியாது.
ஆகவே ஐம்பத்தேழும் சரி,
அறுபத்து மூன்றரையும் சரி.
அந்த வெள்ளைப் படகில்
என் விரலும் ஓர் உதிரிப்பாகம்.

ஹினெக் காகிதத்தையும் பார்க்கவில்லை, கடிகாரத்தையும்.
பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்.
கண்ணை மூடி நாணல் பக்கம் திரும்பி நின்றார்.
வரும்போது ஒரு கீச்சு,
கடந்ததும் தாழ்ந்த கீச்சு.
"முழுச் சுரம் இறங்கவில்லை.
இறங்கியிருந்தால் எழுபது."
மூக்கைச் சிந்திக்கொண்டார்.

கணக்குக்கும் கடிகாரத்துக்கும் நடுவே ஏழரை.
அது எங்கே போனது என்று
லிபுஷே தண்ணீரையே பார்த்தாள்.
புது பேட்டரி மாட்டினாள்.

இரண்டாம் ஓட்டத்தில் ஏழரை வந்து சேர்ந்தது:
ஒரு நாமக்கோழி கிழித்துப்போன சின்ன அலை.
படகு எழும்பியது,
ஒரு கணம் முழுக்கக் காற்றில்,
நழுவல் பூஜ்யம், வேகமும் யாருக்கும் தெரியாது,
பிறகு வயிற்றை மேலே காட்டி
செத்த கெண்டை மாதிரி ஒதுங்கியது.

மீன்காரர்களின் தகரத் தோணி, துடுப்பு ஒன்றுதான்.
அவளே போனாள்.
பாதி நேரம் வட்டமடித்தாள்.
டோபியாஷ் கரையிலிருந்து திசை சொல்லிச் சொல்லி
தொண்டை கட்டிக்கொண்டான்.

மடியில் படகோடு திரும்பியபோதுதான் கவனித்தேன்,
நான் கடிகாரத்தை நிறுத்தவே இல்லை.
போக வர இருநூற்று நாற்பது மீட்டர்,
பன்னிரண்டு நிமிடம்.
மணிக்கு ஒன்று புள்ளி இரண்டு என்று அறிவித்தேன்.
"நழுவலுக்கு எவ்வளவு?" என்றார் ஹினெக்.

அவள் கையுறையைப் பிழிந்தாள்.
புரொப்பெல்லரில் ஓர் இதழின் நுனி இல்லை.
விரலால் தடவிப் பார்த்தாள்,
காகிதத்தைத் திருப்பிப் போட்டாள்,
முப்பத்தெட்டு என்று எழுதி
பெருக்கல் குறி போட்டாள்.