புத்தகத்தில் இல்லாத தகடு

வியாழன் மாலையே பம்ப் கழன்றுவிட்டது.
நாலு போல்ட், நாலு முணுமுணுப்பு,
கையில் வந்து விழுந்தது.
தண்டு மட்டும் வரவில்லை.
கியருக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

வடிந்த எண்ணெய் மோராகியிருந்தது.
தண்ணீர் எந்த வழியால் போனதென்று
அன்னலீஸ் வூத்ரிஷ் கேட்டாள்.
மழை வழியால், என்றேன்.
ட்ரூப் கிராமத்தில் அதற்கு மறுபேச்சில்லை.

இரவு முழுக்கத் துருநீக்கி குடித்தது.
காலையில் காஸ் சுடரால் சூடு காட்டி,
முனைத் துளையில் போல்ட்டை முறுக்கி,
சறுக்குச் சுத்தியலை மாட்டி இழுத்தேன்.
டங். டங். டங்.
தொழுவத்து மாடுகள் அசைபோடுவதை நிறுத்தின.
மூன்று மில்லிமீட்டர் வந்தது.
அதற்கு மேல் சத்தம் மாறியது.
துரு இப்படிச் சத்தம் போடாது.
ஏதோ ஒன்று வேண்டுமென்றே பிடித்திருக்கிறது.

"ஆர் இதைப் பூட்டின விசரன்?"
தமிழில்தான் கேட்டேன்.
அவன் கைக்கு, அவன் கண்ணுக்கு,
அவனைப் பட்டறைக்குள் விட்டவனுக்கும் சேர்த்துத் திட்டினேன்.

மேட்டில் அறுத்த புல் காய்ந்து கிடந்தது.
தூக்கும் கைகள் செத்த ஹுர்லிமான்
ஒரு பொதியைக்கூட அசைக்காது.
மலைக்கு மேல் மேகம்
ஈயமாய்த் தடித்தது.

பல் வைத்தியர் கண்ணாடி ஒன்றை
உள்ளே விட்டுப் பார்த்தேன்.
எண்ணெய்ச் சேற்றுக்குப் பின்னால் ஒரு தகடு.
புத்தகத்தில் இல்லாத தகடு.
துணி சுற்றிய விரலால் துடைத்தேன்.
ஆணியால் கீறிய ஒரு சுழிப்பு.

"நத்தையா?" என்றாள்
என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தவள்.
கண்ணாடி இடம்வலம் மாற்றியதில்
எனக்கும் ஒரு கணம் நத்தைதான்.
பிறகு திருப்பி வாசித்தேன்.
இ.
இரத்தினவேலுவின் இ.
ஏழு வருடத்துக்கு முந்தைய பங்குனிக் குளிரில்
தண்டு பின்னுக்கு நகருதென்று
நானே வெட்டி நானே பூட்டியது.

நான்தான், என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
மேகத்தைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள்.
"அப்ப கழற்றத் தெரிந்திருக்குமே" என்றாள்.

இரண்டு திருகு. தகடு விழுந்தது.
தண்டு விரலுக்கே வந்தது,
கேட்டிருந்தால் அப்பவே வந்திருப்பேனே
என்பதுபோல.

புதுத் தகட்டில் கீறினேன்:
முதலில் இதைக் கழற்று.
ஜெர்மனில் ஒரு வரி, எவனாவது வந்தால்.
தமிழில் ஒரு வரி,
வரப்போவதும் நானாக இருக்கலாம்.

மழை ஏழரைக்குப் பிடித்தது.
புல் பாதி உள்ளே, பாதி வெளியே.
பில்லில் காலை நேரத்தை நான் சேர்க்கவில்லை.
சுத்தியலுக்கு மிரண்ட மாடுகள்
அன்று எத்தனை லீற்றர் குறைத்தன என்று
அவளும் சொல்லவில்லை.