வட்டமில்லாத வெள்ளி

கிழக்கிந்தியக் கம்பெனி வீட்டு ஜன்னலுக்கு முன்
மழையில் பதினொன்றாவது ஆளாக நின்றேன்.
முன்னால் நின்றவள்
குழந்தையை வாத்துபோல் அக்குளில் இடுக்கியிருந்தாள்.

குமாஸ்தா எச்சில் தொட்டுப் பேரேட்டைத் திருப்பினான்.
"ஹில்லெபிராண்ட் யோரிஸ். பாய் தைப்பவர்.
வரவு, பதினான்கு மாதச் சம்பளம்.
பற்று, முன்பணம் இரண்டு மாதம், மரப்பெட்டி,
புகையிலை, பிராந்தி."
பிராந்திக்கு மட்டும் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
"மறுபடி வரவு:
இறந்தவர் உடைமை, பாய்மரத்தடியில் ஏலம்.
கம்பளி அங்கி. இரண்டு சட்டை. சீப்பு."

சம்பளம் மூச்சோடு நிற்கிறது, அதுதான் விதி.
கினிக் கரைக்கு நேரே பதினேழு நாள்
காற்றே இல்லையாம்.
பாய் தைத்தவன் காற்றில்லாமல் செத்தான்.
அது ஒரு வியாழக்கிழமை.
வெள்ளிக்கிழமைக்குக் காசில்லை.

சீப்பை ஏலம் எடுத்தது யார் என்றேன்.
பெயர் இருக்கிறது, ஆனால்
அது உனக்குத் தேவையில்லை என்றான்.

வந்த தொகையில் ஒன்று ஸ்பானிய வெள்ளி.
எட்டு ரியால். வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை.
யாரோ கடித்துத் துப்பியதுபோல் ஓரம்.
"கனத்துக்குத்தான் மதிப்பு, வடிவத்துக்கு இல்லை"
என்று சொல்லி அடுத்தவளைக் கூப்பிட்டான்.

என் மாடியறையில் வீபெ குடியிருக்கிறான்,
ஃபிரீஸ்லாந்துக்காரன்.
எந்த வயதில் ஞானஸ்நானம் என்ற சண்டையில்
ஊரை இழந்தவன்.
கண்ணாடியை உருக்கி
மீன்முட்டை அளவில் மணி செய்வான்.
துணி வியாபாரிகள் அதில் இழை எண்ணுவார்கள்.
இரவில் அவன் எண்ணுவது வேறு.
போன மாதம் எனக்கொரு தெள்ளுப்பூச்சி காட்டினான்.
அதற்கு முழங்கால் இருந்தது.
மூன்று நாள் என்னால் எதையும் நசுக்க முடியவில்லை,
நான்காம் நாள் நசுக்கினேன்.

பாதிரியாருக்கு இது பிடிக்கவில்லை.
கண்ணுக்கு எட்டாததை
ஆண்டவரே மறைத்து வைத்திருக்கிறார் என்றார்.
பெஞ்சில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்:
மறைப்பதெல்லாம் பேரேடு எழுதுகிறவர்கள் அல்லவா.

அன்றிரவு ஈரத் தலைத்துணியோடு மாடியேறி
வெள்ளியை அவன் மெழுகுவர்த்திக்கு முன் வைத்தேன்.
"இதைப் பார்க்க வேண்டும்."
வாடகையா என்றான். இல்லை என்றேன்.

முதலில் ஒன்றுமில்லை, என் இமைமயிர்தான்.
பிறகு வயல்போல் ஒரு பரப்பு, உழுத கோடுகள்,
ஒரு சிலுவை.
அதன்மேல் இன்னொரு சிலுவை,
மயிரிழை தள்ளி.

"இரண்டு அடி விழுந்திருக்கிறது" என்றான் வீபெ.
"முதல் அடியில் கை நழுவியிருக்கும்."
அச்சுச் சுத்தியல் எத்தனை கனம்?
அவனுக்குத் தெரியவில்லை.
அங்கே ஒரு மலை உண்டாம், பொத்தோசி,
புல் முளைக்காத உயரம்.
ஊருக்கு இத்தனை பேர் என்று முறைவைத்து
உள்ளே இறக்குவார்களாம்.
ஏதோ துண்டுப்பிரசுரத்தில் படித்தானாம்.
துண்டுப்பிரசுரங்கள் பொய்யும் சொல்லும் என்றான்,
நியாயஸ்தன்.

மறுபடி குனிந்தேன்.
சிலுவைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில்
கறுப்பாய் ஏதோ ஒட்டியிருந்தது.
புகைக்கரியா, அழுக்கா, மிளகுத் தூளா,
எத்தனை பைகளில் கிடந்ததோ.
ஊசியால் எடுக்கட்டுமா என்றான்.
வேண்டாம் என்றேன்,
என் குரல் எனக்கே பெரிதாய்க் கேட்டது.

கை நழுவியவனுக்குப் பெயர் இருந்திருக்கும்.
அவன் வீட்டுக்காரி எந்த ஜன்னல் முன் நின்றாள்?
அந்த ஊரில் மழை உண்டா?
மூச்சு நின்ற நாளை
அவளுக்காவது யாரேனும் எழுதிவைத்தார்களா?

காலையில் ரொட்டிக்கடை.
தீர்க் வெள்ளியைக் கடித்துப் பார்த்து
தராசில் போட்டான்.
நான்கு குன்றிமணி குறைகிறது என்றான்.
குறைத்துக்கொள் என்றேன்.
எங்கே வெட்டப்பட்டதோ, யார் வெட்டினார்களோ,
அதைக் கழித்துக் கம்பு ரொட்டி ஐந்தும்
மீதிச் சில்லறையும் தந்தான்.

மாவுத் தட்டின்கீழ் இருந்த பெட்டியில் அது விழுந்தது.
மற்ற காசுகளின் ஓசைதான் அதற்கும்.
வாசலில் நின்று
அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"வேறேதும் வேண்டுமா?" என்றான் தீர்க்.

ரொட்டி சூடாக இருந்தது.
அங்கிக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்,
கடலிலிருந்து நல்ல காற்று வந்தது,
இப்போது.