படத்தை மூடிவிட்டு

முதலாம் ஆண்டில்
கப்பல் படம் காட்டினார் வேதநாயகி டீச்சர்.
கீழே நான்கு எழுத்து.
யாரும் எழுத்தைப் பார்க்கவில்லை.
படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்லி
மேலிடத்துச் சுற்றறிக்கை வந்திருந்தது.
கப்பல் என்று கத்தினோம், கடலைக் காணாத
துரோலாக் தோட்டத்துப் பிள்ளைகள்.
நாற்பது பேரும் தேர்ச்சி என்று
அதிகாரி டிக் போட்டுப் போனார்.
மறுவாரம் படமில்லாத பலகையில்
அதே நான்கு எழுத்து.
நான் மழை என்றேன்.
வெளியே பெய்துகொண்டிருந்தது.

இருபத்தைந்து வருடம் கழித்து
பாலாயிலிருந்து ஜீப் வந்தது.
செம்பனை ஆலை ரோட்டில் கிடந்தவளின்
நகக்கண்ணில் இருந்ததைக்
கோலாலம்பூரில் குழாயில் கலக்கி
விழுக்காடு போட்டு அனுப்பியிருந்தார்களாம்:
தென்னிந்திய வம்சாவளி, எழுபத்தொன்று.
மிச்சம் இருபத்தொன்பது எந்த ஊர் என்று
யாரும் கேட்கவில்லை.
எங்கள் லயத்தைப் பார்த்தார்கள்.
போதுமான படம்.

மண்டபத்தில் வரிசை.
குலை வெட்டுகிறவன், லோரி ஓட்டுகிறவன்,
பக்கவாதத்தில் இரு கையும் விளங்காத சொக்கலிங்கம்,
எல்லாரும் வாயைத் திறந்தோம்.
பஞ்சுக்குச்சி கன்னத்துக்குள் சுழன்றது.
சார்ஜன் ரொஸ்லான் நல்ல மனிதர்தான்,
தண்ணீர் போத்தல்கூடக் கொடுத்தார்.
ஆனால் எனக்கு முன்னால் இரண்டு உறைகளில்
ஒரே பெயரை ஒட்டினார்.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
ஒரே உருவம் இரண்டு முறை வந்தால் தெரியும்.
சொல்லவில்லை.
எழுத்தைப் பற்றி நான் யார் பேச?

பிறகு ஒரு தாள். உச்சியில் புலி.
வந்து போனதற்கு அத்தாட்சி என்று ஊகித்துக்
கையெழுத்துப் போட்டேன்.
சுகன். மூன்று எழுத்து. அது மட்டும் வரும்.
என் எச்சிலை அவர்களே வைத்துக்கொள்ளலாம்
என்று அதில் இருந்ததாம்.
எவ்வளவு காலம் என்று மட்டும் இல்லையாம்.

நேற்று ஒரு கடிதம். அதே புலி.
லோஷினி இப்போது முதலாம் ஆண்டு.
கட்டைவிரலால் புலியை மூடி நீட்டினேன்.
"படமே இல்லியேப்பா."
இல்லாமலே வாசி.
சோறு ஆறும்வரை
எழுத்தெழுத்தாக உடைத்தாள்.
தி. டா. டாக்.
திடாக்.
இல்லை என்று அர்த்தமாம்.
அதற்குமேல் சொற்கள் அவள் வாயைவிட நீளம்.

எது இல்லை?
நான் இல்லையா?
முடியவில்லையா? இன்னும் விடவில்லையா?
மறுபடி வாசிம்மா, மெதுவா.

அவள் தாளை இறக்கிவிட்டு
என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.