இரண்டாம் பொத்தான்

ருஸ்தாவி கார்ச் சந்தை. பிப்ரவரிச் சேறு.
பத்ரி சொல்கிறான்:
புது வடிவத்தின் முதல் வருஷத்தை வாங்காதே, லமாரா.
அது கம்பெனி பாடம் படித்த வருஷம்,
ஃபீஸ் கட்டினவன் வாங்கினவன்.
கடைசி வருஷம் பார்.
அதற்குள் எல்லாப் பிழையையும் திருத்தி
அலுத்துப்போயிருப்பார்கள்.

அலுத்துப்போன வருஷங்கள் எனக்கும் பிடிக்கும்.
அதிகம் வாய்த்ததில்லை.

கறுப்பு செடான், கடைசி வருஷமேதான்.
பத்ரி ஆயில் மூடியைத் திருகினான்.
உள்பக்கம் அழுக்கு வெண்ணெய் போல ஒன்று.
விற்கிறவன்
வானத்தைப் பார்த்தான்.

பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று, இரண்டு வருஷம் மூத்தது,
எவரும் சிபாரிசு செய்யாத நடு வருஷம்.
டாஷ்போர்டு அறையில் ஒரு நோட்டு:
எண்ணெய் மாற்றிய தேதிகள், நீல மையில்,
ஒஹையோவில் யாரோ, ஒன்றுகூடத் தவறாமல்.
கடைசி நாலு வரியில்
கை நடுங்கியிருக்கிறது.

சீட்டின் ஞாபகப் பொத்தான்கள் இரண்டு.
ஒன்றை அழுத்தினேன்,
யாரோ நெட்டையனுக்காகப் பின்னால் போய்ச் சாய்ந்தது.
இரண்டு:
முனகிக்கொண்டே முன்னால் வந்து, உயர்ந்து, நின்றது.
என் கால் பிரேக்கைத் தொட்டது.

வருஷம் சரியில்லை என்கிறான் பத்ரி
ஜன்னலுக்கு வெளியே.

பக்கக் கண்ணாடியைத் திருப்பக் கை நீட்டினேன்.
அது
ஏற்கெனவே திரும்பியிருந்தது.