மூன்றாம் தாள்

கடைசிப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.
அதன்மேல்தான் நோட்டை விரித்திருக்கிறார்கள்
பெர்சிஸும் ஷாலோமும்.
ஆஸ்பத்திரி பில் கவுன்டரில் நான் கேட்டு வாங்கிவந்த
பழைய ரெஜிஸ்டர்.
பற்று, வரவு என்று கோடு போட்ட தடித்த தாள்.
பற்றில் கொசப்பேட்டை, வரவில் காட்பாடி
என்று பெரியவளே பிரித்துக்கொண்டாள்.
என்னைக் கேட்கவில்லை.

முதல் தாளில் சுவர்.
சுவரென்றால்
சமையலறை மூலையில் உப்புப் பூத்து உரிந்த
நீலச் சுண்ணாம்பு, ஒரு பிஸ்கட் அளவு.
எட்டு வருஷம் அந்த மூலையைத் திட்டியிருக்கிறேன்.
செலோடேப்புக்கு அடியில் இப்போது
என்னமாய் மினுங்குகிறது.

இரண்டில் அவர்கள் உயரம்.
கதவுநிலைப் பென்சில் கோடுகளைப் பெயர்க்க முடியாதே என்று
தாளை மேலே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்களாம்.
கோடு வரவில்லை, மரத்தின் ரேகைதான் வந்தது.
பிறகு நூலால் அளந்து
நூலையே சுருட்டி ஒட்டிவிட்டார்கள்.
ஷாலோம் முழங்கால் வரை சிவப்பு,
அதற்கு மேல் பச்சை.
சிவப்புக் கண்டு தீர்ந்துபோயிற்று.

மூன்றையும் நான்கையும் விரலால் சேர்த்துப் பிடித்து
சட்டென்று ஒரே தாளாகப் புரட்டினாள் பெர்சிஸ்.
நான் கவனிக்கவில்லை.

பிறகு யானை.
"குட்டியானை வருது" என்று நான் சொன்னதை
வாசலில் நின்று நம்பியவன் அவன்.
வந்தது டீசல் புகை விட்டது.
அன்றைக்கு அழவில்லை,
தாளில் சரிசெய்துவிட்டான்:
முதுகில் ஃப்ரிட்ஜ், தந்தத்தில் துணிக்கொடி,
தும்பிக்கையில் காஸ் சிலிண்டர்.
பாலாற்றுப் பாலத்தின்மேல் நடக்கிறது.
ஆறு இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு பழுப்பு கிரேயான் முழுசாகத் தேய்ந்திருக்கிறது.
பாகனுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் ஆள்.
"யாருடா?"
"அப்பா."
"அப்பா மஸ்கட்ல இருக்காங்க, வரலையே?"
"யானைமேல எடம் இருந்துச்சும்மா."
வண்டியிலும் இருந்தது.
அந்த இடத்தில்தான் மிக்ஸியை உட்காரவைத்து
விழாமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்ததில் படம் இல்லை, எழுத்து.
புது வீட்டின் முதல் ராத்திரி, கரண்ட் இல்லை, தூக்கம் இல்லை,
ஜங்ஷன் ஒலிபெருக்கி ஜன்னலேறி வந்தது.
பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கி
நாற்பது நிமிடத் தாமதம் வரை
வண்டி எண்ணோடு எழுதிவைத்திருக்கிறாள்.
அந்த வண்டியில் நாங்கள் யாரும் போகவில்லை.

அப்போதுதான் ஓனர் பரசுராமனின் போன்.
"இன்னாமா, சாவி மூணு குத்தேன்,
ரெண்டுதான் கீது.
மொட்டமாடி சாவி எங்க?
அட்வான்ஸ்ல ஐந்நூறு புட்சிக்கட்டுமா?"

பீரோ, கைப்பை, அரிசி டின்,
பிரிக்காத பெட்டியையும் பிரித்துக் கொட்டினேன்.
ஐந்நூறு என்றால் கரண்ட் பில்லில் பாதி.
பிள்ளைகளிடம் சத்தமே இல்லை.
ஃபெவிகால் வாசனை மட்டும்.

மூன்றாம் தாளைத் திறந்துகாட்டியது ஷாலோம்தான்.

மே மாத வேலூர் வெயில்,
மூன்றே நாளில் பசை கல்லாகியிருந்தது.
வெந்நீர்த் துணி, பிறகு கத்தி,
பிறகு என் நகம்.
தாளோடு பிய்ந்து வந்தது சாவி.
தாளில் சாவியளவு ஓட்டை,
அதன் வழியே அடுத்த தாளின் சுற்றுச்சுவரும் துணிக்கொடியும்,
மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுத்த நாலு பேர்.
அந்தப் படத்தை நான் அதுவரை பார்த்திருக்கவில்லை.
ஷாலோம் கண்ணை வைத்துப் பார்த்தான்.
பெர்சிஸ் நானும் நானும் என்று தள்ளினாள்.
பிறகு பற்றில் எழுதினாள்:
சாவி ஒன்று.
கையெழுத்துப் போடச் சொன்னாள் என்னை.
ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் போடுவேனாமே.
போட்டேன்.

கொசப்பேட்டையில் பரசுராமன்
சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இன்னாது இது ஒட்டிக்கினு?"
"தாள்" என்றேன்.
நகத்தால் சுரண்டினார், போகவில்லை.
கோடு போட்ட காகிதத்தோடே பூட்டுக்குள் நுழைத்தார்.
இரண்டு முறை சிக்கிற்று.
மூன்றாவதில் திரும்பியது.

ஐந்நூறும் கைக்கு வந்தது.
பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் ஒரு நூல் கடை.
சிவப்பு இருக்கிறதா என்று கேட்டேன்,
நாளைக்கு வரும் என்றார்கள்.