இருபத்தொரு மில்லிமீற்றர்

மாங்குளம் சந்தியில் என் லேத்.
தெற்கே கனகராயன்குளம், கிழக்கே ஒட்டுசுட்டான்.
சிறுபோகம் வெட்டிய வயலில் லாண்ட்மாஸ்டர் றேஸ் என்றால்
இரண்டு பகுதியும் இரும்பைத் தூக்கிக்கொண்டு
இந்த ஒரே சக்கின் வாய்க்குத்தான் வரவேண்டும்.

வேல்முருகர் ஆனியில் வந்தார், பிளைவீலோடு.
"பாரம் குறை பிள்ளை. விட்டதும் எழும்பவேணும்."
பதினெட்டுக்கு இறக்கினேன்.
நாலாம் நாள் வெள்ளோட்டத்தில் வெடித்தது.
ஆளுக்குச் சேதமில்லை. ஒரு துண்டு மட்டும்
பாலைமரத்தில் ஏறி நின்றது.
அந்த மரத்துக்கு இரும்பு புதுசில்லை;
மரக்காலைக்காரன் தன் வாளுக்குப் பயந்து
எப்போதோ அதைக் கைவிட்டிருந்தான்.

அடுத்ததை இருபத்தொன்றில் நிறுத்தினோம்.
"கதை பட்டறையை விட்டு வெளியில போகப்படாது."
"போகாது" என்றேன்.
கூலி வாங்கியது அதற்கும் சேர்த்துத்தான்.

ஆடி நடுவில் இன்பராசா.
"அவையள் எவ்வளவுக்கு வெட்டினவை, றஜிதா?"
"கேக்காதேங்கோ."
"வாயால வேண்டாம். மெல்லிசெண்டால்
தலையை ஒருக்கா ஆட்டு."
வேணியர்ப் பெட்டிக்கு அடியில் இருபதாயிரத்தைச் செருகினார்.
எடுத்து அவர் சட்டைப்பைக்குள் வைத்தேன்.
சிரித்தார்.
"நல்லது. அப்ப எங்கடையையும் நீ அவைக்குச் சொல்லமாட்டாய்.
பதினெட்டுக்கு வெட்டு."

பதினெட்டு.

ஓட்டப்போவது இன்பராசா இல்லை, நிதுர்சன்.
பத்தொன்பது வயது.
பிளைவீலுக்கும் அவன் முழங்காலுக்கும் நாலடி இடைவெளி.

எண் வேல்முருகருடையது, சரி.
வெடித்த சத்தமும் அவருடையதா?
இரும்பு எந்த இடத்தில் முறியும் என்பது
ஒருவர் காசு கொடுத்து வாங்கிய இரகசியமா,
இரும்பின் குணமா?
கண்ணிவெடி எடுக்காத காணிக்குச் சிவப்புக் கட்டை நட்டார்கள்.
காணி ஆருடையது என்று கேட்டுவிட்டா நட்டார்கள்?
ஆனால் நான் வாக்குக் கொடுத்தவள்.
மாட்டேன் என்றால் வவுனியாவில்
ஒரு கேள்வியும் கேட்காமல் வெட்டிக் கொடுப்பார்கள்.

இரவு பத்து மணிக்கு வெட்டினேன்.
இருபத்தொன்றில் கை நின்றது.
பில்லில் பதினெட்டு என்று எழுதினேன்.
நகக்கண்ணில் வார்ப்பிரும்புத் தூள்;
இரண்டு நாள் சவர்க்காரம் போட்டும் போகவில்லை.

ஒட்டுசுட்டான் தோற்றது, ஒரு பெட்டி நீளத்தில்.
நிதுர்சன் புழுதியோடு இறங்கி
சோடாப் போத்தலைப் பல்லால் திறந்தான்.
இரண்டு முழங்காலையும் பார்த்துவிட்டுத்தான்
நான் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை இன்பராசா
சொந்த வேணியரோடு வந்தார்.
என் முன்னால் அளந்தார். திருப்பிப் போட்டு இன்னொருக்கா.
பேச்சு வாங்கத் தயாராய் நின்றேன்.
அவர் மெல்லக் கேட்டார்:
"இது ஆற்றை அளவு?"

தலையைக்கூட ஆட்டாத நான்
அந்த எண்ணை அவர் கையில்
இருபத்தைந்து கிலோ இரும்பாய்க் கொடுத்திருக்கிறேன்.

வேல்முருகரின் மகன் மோட்டார் சைக்கிளில் சந்தியைக் கடந்தான்.
வெற்றிக் களிப்பு. கை காட்டினான்.
நானும் காட்டினேன்.

"என்ரை அளவு" என்றேன்.

இன்பராசா பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
பதினெட்டுக்கான கூலியை
ஒரு ரூபாயும் குறைக்காமல் எண்ணி
வேணியர்ப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

இன்னும் எடுக்கவில்லை.
பெட்டியைத் தூக்காமல்
பக்கவாட்டில் திறந்து அளக்கப் பழகிவிட்டேன்.